பதுக்கி வைத்தால் வேகம் கூடுமா?

நமது தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஒரு சொல் வருகிறது: பதுக்கு நினைவகம். கடைக்காரர் சீனியைப் பதுக்கினால் நமக்குக் கோபம் வரும். கணினி தரவைப் பதுக்கினால் மட்டும் பாராட்டுகிறோம். ஒருமுறை தேடி எடுத்ததைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டால் மறுமுறை தேட வேண்டியதில்லை, ஆகவே வேகம் கூடும் என்று படிக்கிறோம். பரீட்சையில் அந்த விடைக்குப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் அது பாதி விடைதான் என்பது எனது கருத்து. மீதிப் பாதியை லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம். வலையமைப்பை வேகப்படுத்துவதற்கென்றே பல ஆண்டுகள் அதில் இருந்த ஒரு பதுக்கு நினைவகத்தை, அதை உருவாக்கிப் பராமரித்தவர்களே 2012ஆம் ஆண்டு அடியோடு நீக்கினார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நான் சொல்வேன்.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. இன்று வலையமைப்பு நிருவாகியாகத் தொழில் செய்கிறேன். இது எங்களைப் போன்ற சிலருக்கு மட்டும் உரிய விடயம் என்று மாணவியரும் பெற்றோரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் சேவையகங்களில் பெரும்பகுதி லினக்ஸில்தான் இயங்குகின்றது. உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொயிட் கைபேசிக்குள்ளும் லினக்ஸின் கேர்னல்தான் இருக்கிறது. கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் உட்கரு. செய்நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் நின்று, யாருக்கு எப்போது எது கிடைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். வலையமைப்பில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியும் எந்த வழியால் போக வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது? தொலைபேசி இலக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 011 என்று தொடங்கினால் கொழும்பு, 067 என்று தொடங்கினால் கல்முனை. முழு இலக்கத்தையும் அறியாமலே எந்தப் பக்கம் அனுப்புவது என்று முன்பகுதியை வைத்துச் சொல்லிவிடலாம். ஐபி முகவரியும் அப்படித்தான். 10 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் ஒரு வாசலால் போகட்டும், 10.1 என்று தொடங்குபவை மட்டும் வேறு வாசலால் போகட்டும் என்று வழிப்படுத்தல் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். ஒரு முகவரிக்கு இரண்டும் பொருந்தினால், அதிக இலக்கங்கள் பொருந்தும் பதிவே வெல்லும். வீட்டுக் கணினியின் அட்டவணையில் நாலைந்து வரிகள்தான் இருக்கும். ஆனால் முழு இணையத்தின் வழிகளையும் அறிந்திருக்க வேண்டிய ஒரு ரவுட்டரில் 2012இலேயே 400,000க்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன.

அத்தனை வரிகளுக்குள் தேடக் கிடைக்கும் நேரமோ மிகச் சொற்பம். செக்கனுக்கு 10 கிகாபிற்று வேகமுள்ள ஓர் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் இடைவிடாமல் வந்தால், ஒரு செக்கனில் ஏறத்தாழ 148 இலட்சம் பொதிகள் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோசெக்கன். கணினியின் பிரதான நினைவகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கே அந்தளவு நேரம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பொதிக்கும் பெரிய அட்டவணையைப் புரட்டாமல், கிடைத்த விடையைக் குறித்து வைத்துக்கொள்வோம் என்று 1990களில் நினைத்ததில் பிழையில்லை. ஒரு பொதி வந்ததும் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பவற்றைச் சேர்த்து ஒரு திறவுகோலாக்கி, கிடைத்த வழியை அதனுடன் எழுதி வைப்பார்கள். அதே இருவருக்கிடையில் அடுத்த பொதி வரும்போது அட்டவணைக்குப் போகத் தேவையில்லை. குறிப்பைப் பார்த்தே அனுப்பிவிடலாம். ஒருவரோடொருவர் நீண்ட நேரம் பேசிக்கொள்ளும் கணினிகள் சிலவே இருந்த காலத்தில் இது நன்றாகவே வேலை செய்தது.

சிக்கல் அந்தத் திறவுகோலில்தான் இருந்தது. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். ஊர்ப் பெயரைப் பார்த்துப் பைக்குள் போடுவது அவரது வேலை. அதை விட்டுவிட்டு, அனுப்பியவர் பெயரையும் பெறுபவர் பெயரையும் சேர்த்து ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வரி என்று கொப்பியில் எழுதத் தொடங்குகிறார். தினமும் அதே நூறு பேர் எழுதிக்கொண்டால் கொப்பி உதவும். ஒரு நாள் ஒரு குறும்புக்காரர் ஒவ்வொரு கடிதத்திலும் புதிதாக ஒரு பொய்ப் பெயரை அனுப்புநராக எழுதி ஆயிரக்கணக்கில் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றுக்கும் கொப்பியைப் புரட்ட வேண்டும், அதில் இல்லை என்று காண வேண்டும், அட்டவணைக்குப் போக வேண்டும், பிறகு திரும்பி வந்து புது வரி எழுத வேண்டும். கொப்பி நிரம்பியதும் பழைய வரிகளை அழிக்கும் வேலையும் சேர்ந்துவிடும். கொப்பியே இல்லாதிருந்தால் ஒரு வேலை. கொப்பி இருப்பதால் நாலு வேலை.

லினக்ஸுக்கு நேர்ந்ததும் இதுதான். ஒரு பொதியின் அனுப்புநர் முகவரியில் எவரும் எதையும் எழுதிவிடலாம். எனவே கேர்னலின் உள்ளே எத்தனை பதிவுகள் உருவாக வேண்டும் என்பதை, அந்தக் கணினியுடன் எந்தத் தொடர்புமில்லாத ஓர் அந்நியர் தீர்மானிக்க முடிந்தது. 2003இல் இதைவிட மோசமான ஒரு வழி வெளிப்பட்டது. பதிவுகளை ஹாஷ் என்னும் கணக்கின்படி பல பெட்டிகளில் பிரித்து வைப்பது வழக்கம். எந்த முகவரி எந்தப் பெட்டிக்குப் போகும் என்று முன்கூட்டியே கணித்து, எல்லாப் பதிவுகளையும் ஒரே பெட்டிக்குள் விழச் செய்ய முடியும் என்று தெரியவந்தது. ஒரே பெட்டிக்குள் வரிசையாகத் தேடியே கணினி களைத்துவிடும். பெரிய படை எதுவும் தேவையில்லை. அளவான பொதிகளே போதும்.

மருந்தாக, அந்தக் கணக்கில் ஓர் இரகசிய எண்ணைக் கலந்தார்கள். அந்த இரகசியத்தையும் எவராவது ஊகித்துவிடலாம் என்பதால் 10 நிமிடத்துக்கொருமுறை அதை மாற்றினார்கள். இரகசியம் மாறினால் அதுவரை சேர்த்து வைத்த பதிவுகள் பயனற்றுப்போகும். சேர்த்து வைப்பதற்கென்று ஏற்படுத்திய ஒன்றை, பாதுகாப்புக்காக 10 நிமிடத்துக்கொருமுறை கொட்டிவிட வேண்டியிருந்தது. அப்படியும் பதிவுகள் அளவுமீறினால், இடமில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கேர்னல் பொதியைக் கைவிடும். ஒரு கருவியைக் காப்பாற்றுவதற்கு அதன் பயனையே இழக்க வேண்டியிருக்கிறது என்றால், கருவியின் அடிப்படையையே கேள்வி கேட்கும் நேரம் வந்துவிட்டது என்றுதான் பொருள்.

தாக்குபவர் எவரும் இல்லாதபோதாவது அது உதவியதா? லினக்ஸின் வலையமைப்புப் பகுதியை நீண்டகாலம் பராமரித்தவர் டேவிட் மில்லர். 2012 யூலையில் இந்தப் பதுக்கு நினைவகத்தை நீக்கியபோது அவர் எழுதிய குறிப்பில் ஒரு கணக்கைச் சொன்னார். மிகுந்த போக்குவரத்துள்ள தளங்களில், எந்தத் தீய நோக்கமுமற்ற சாதாரணப் போக்குவரத்தின்போதுகூட, தேடியது பதுக்கு நினைவகத்தில் கிடைப்பது 10 வீதமளவில்தான். அதாவது பத்துப் பொதிகளில் ஒன்பதுக்குக் கொப்பியைப் புரட்டியது வீண். வேகம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது கைகொடுக்கவில்லை. இதன் செயற்றிறனை முன்கூட்டிச் சொல்ல முடியாது, இதை வைத்துச் சேவையை முடக்குவதும் எளிது, இதை வடிவமைத்த காலத்தில் உலகம் இன்னும் நட்பானதாக இருந்தது என்பதே அவரது குறிப்பின் சாரம்.

இதே பாடத்தை வேறொரு திசையிலிருந்து வலையமைப்பு உலகம் முன்னரே படித்திருந்தது. 2001 யூலை 19ஆம் திகதி கோட் ரெட் என்னும் கணினிப் புழு 14 மணித்தியாலங்களுக்குள் 359,000 கணினிகளைத் தொற்றியது. அது எழுமாறாக முகவரிகளைத் தெரிந்து, அங்கெல்லாம் கதவைத் தட்டிப் பார்த்தது. அக்காலத்தில் பல ரவுட்டர்கள் ஓர் இடத்துக்குச் செல்லும் முதற் பொதியை மெதுவாக ஆராய்ந்து, விடையைப் பதுக்கி வைத்துப் பிறகு விரைவாக அனுப்பும் முறையில் இயங்கின. புழுவோ எப்போதும் புதுப்புது முகவரிகளுக்கே பொதிகளை அனுப்பியது. எல்லாமே முதற் பொதி. எல்லாமே மெதுவான வழி. ரவுட்டர்களைத் தாக்குவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. ஆனாலும் அவை திணறின. முழு அட்டவணையையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைக்கு மாறிக்கொள்ளுமாறு சிஸ்கோ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை கூறியது.

லினக்ஸும் அந்த வழிக்கே வந்தது. 2012 செப்டெம்பர் 30ஆம் திகதி வெளிவந்த 3.6ஆம் பதிப்பில், ஐபி நான்காம் பதிப்புக்கான அந்தப் பதுக்கு நினைவகம் இல்லை. இனி ஒவ்வொரு பொதிக்கும் அட்டவணையிலேயே தேட வேண்டும். அது சாத்தியமானதற்குக் காரணம், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தேடலைச் செப்பனிட்டிருந்தார்கள். சுவீடனைச் சேர்ந்த ரொபர்ட் ஒல்சன் முதலானோர் 2005இல் லினக்ஸுக்குள் கொண்டுவந்த எல்சி ட்ரை என்னும் மர அமைப்பே இதற்கு அடித்தளம். முகவரியின் பிற்றுகளைப் பார்த்துப் பார்த்துக் கிளை பிரிந்து செல்லும் மரம் அது. நெருக்கமான இடங்களில் பல பிற்றுகளை ஒரே எட்டில் தாண்டிவிடும். பல இலட்சம் வரிகள் இருந்தாலும் சில எட்டுகளிலேயே விடை கிடைத்துவிடும். முக்கியமானது என்னவென்றால், தேடும் செலவு அட்டவணையின் அமைப்பைப் பொறுத்தது. எவர் என்ன பொதி அனுப்புகிறார் என்பதைப் பொறுத்து மரம் வளர்வதில்லை.

இதற்கு விலை கொடுக்கப்படவில்லையா என்று கேட்கலாம். கொடுக்கப்பட்டது. ஒரு சில கணினிகளுக்கிடையில் மட்டும் பேச்சு நடக்கும் அமைதியான நாளில், கொப்பியைப் பார்ப்பதைவிட மரத்தில் இறங்குவது சற்று அதிக நேரம் எடுக்கும். அப்படிப்பட்ட நாளை மட்டும் அளந்தவர்களுக்குப் புதிய பதிப்பு பின்னடைவாகவே தெரியும். 2015இல் அலெக்சாண்டர் டைக் அந்த மரத்தின் தேடலை மீண்டும் எழுதி நேரத்தைக் குறைத்தார். ஆனால் அந்தத் திருத்தம் வராதிருந்தாலும் எனது நிலைப்பாடு மாறியிருக்காது. எனது தொழிலில் நல்ல நாளின் வேகம் பற்றி எவரும் நள்ளிரவில் தொலைபேசி எடுப்பதில்லை. மோசமான நாளில் சேவை நின்றபோதுதான் எடுக்கிறார்கள். ஒரு முறைமை எவ்வளவு தாங்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ப ஆயத்தம் செய்யலாம். அது அந்நியரின் மனப்போக்கில் தங்கியிருந்தால் நான் எதைக் கணக்கிடுவது?

அப்படியானால் பதுக்கு நினைவகமே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. கணினியின் செயலிக்குள் இருக்கும் பதுக்கு நினைவகம் இல்லாவிட்டால் இன்றைய கணினிகள் தவழும். லினக்ஸும் எல்லாவற்றையும் கைவிடவில்லை. டிசிபி இணைப்பு ஒன்று ஏற்பட்டுவிட்டால், அதற்குரிய வழி அந்த இணைப்பின் பதிவிலேயே குறித்து வைக்கப்படுகிறது. இணைப்பு ஏற்பட இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வேண்டும். பொய் முகவரியிலிருந்து அனுப்புபவருக்குப் பதில் போய்ச் சேராது. ஆகவே அவரால் அங்கே ஒரு வரியையும் எழுத முடியாது. அதேபோல அடுத்த தரிப்பிடமான ரவுட்டருக்குரிய தகவலும் சேமிக்கப்படுகிறது. ஒரு கணினிக்கு அப்படிப்பட்ட தரிப்பிடங்கள் சிலவே. பயணிகள் எத்தனை இலட்சம் வந்தாலும் தரிப்பிடங்களின் எண்ணிக்கை கூடப்போவதில்லை.

ஆகவே எந்தப் பதுக்கு நினைவகத்தையும் பற்றி நான் இரண்டு கேள்விகளைக் கேட்பேன். இதற்குள் என்ன எழுதப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? தேடியது கிடைக்காத நாளில் இதன் செலவு என்ன? முதற் கேள்விக்கு ‘வழியால் போகும் எவரும்’ என்பது விடையானால், அந்த வேகத்தை நம்பி எதையும் கட்டக்கூடாது.

இந்தக் கேள்விகள் பழையனவாகிவிடவில்லை. ஐபி ஆறாம் பதிப்பில் செல்லுமிடம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு உருவாக்கும் வழக்கம் 2015 வரை லினக்ஸில் நீடித்தது. பிறகு, பொதியின் அளவு தொடர்பான விதிவிலக்கு போன்ற தேவை ஏற்பட்டாலன்றிப் பதிவு வேண்டாம் என்று மாற்றினார்கள். அத்தகைய விதிவிலக்குகளுக்காக எஞ்சியிருந்த அந்தச் சிறிய சேமிப்பும் தொல்லை கொடுத்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள் 2021இல் அதைக் கூர்ந்து கவனித்தார்கள். அதில் பதிவு நுழைகிறதா, இல்லையா என்பதை வெளியிலிருந்து அனுமானித்தே, டிஎன்எஸ் சேவையகத்துக்குப் பொய்யான முகவரியைப் புகட்ட முடியும் என்று காட்டினார்கள். அந்நியர் தொடக்கூடிய நினைவு சிறியதாக இருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தையும் எண்ணிப் பார்ப்போம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவில் நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தளத்தைத் தட்டுகிறோம். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டேயிருக்கும். தாய் தந்தையரும் உறங்காமல் பக்கத்தில் காத்திருப்பார்கள். அந்த இரவில் ஒவ்வொருத்தியும் தட்டச்சு செய்வது வெவ்வேறு சுட்டெண். முன்னவருக்குக் கொடுத்த விடை அடுத்தவருக்கு உதவாது. எல்லோருக்கும் பொதுவான முகப்புப் பக்கத்தைப் பதுக்கி வைத்தால் பயனுண்டு. விடைகளைப் பதுக்கி வைத்து வேகம் எதிர்பார்க்க முடியாது. அங்கே தேவைப்படுவது ஒவ்வொரு தேடலையும் குறைந்த செலவில், உறுதியான நேரத்தில் முடிக்கும் அமைப்பு. சாதாரண நாளில் சோதித்துப் பார்த்து ‘வேகமாக இருக்கிறது’ என்று சான்றிதழ் கொடுக்கப்பட்ட தளம், ஆண்டில் ஒருநாள் எல்லோருக்கும் தேவைப்படும்போது நின்றுவிட்டால், மற்ற நாட்களின் வேகத்தால் எவருக்கும் ஆறுதல் கிடைக்காது.

மகளுக்குக் கணினி படிப்பிக்க விரும்பும் பெற்றோர் சிலர் என்னிடம் எந்த மென்பொருளைப் பழக வேண்டும் என்று கேட்கிறார்கள். மென்பொருள்கள் மாறிக்கொண்டேயிருக்கும். இது எப்போது பிழைக்கும், பிழைத்தால் யார் பாதிக்கப்படுவார் என்று கேட்கும் பழக்கம் நிலைக்கும். அந்தப் பழக்கத்துக்கு விலையுயர்ந்த கணினியும் தேவையில்லை. லினக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. எதை ஏன் நீக்கினார்கள் என்ற குறிப்புகளும் அதனுடனேயே உள்ளன. உயர்தரத்தில் பாடம் படிக்கும் ஒரு மாணவி பழைய கணினியொன்றில் லினக்ஸை நிறுவி, வழிப்படுத்தல் அட்டவணையைத் தன் கண்ணாலேயே பார்க்கலாம். வரிகள் நாலைந்துதான் இருக்கும். ஆனால் பாடநூலில் படித்த சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று விளங்கும்.

மில்லரின் முடிவில் நான் மதிக்கும் இன்னொன்றும் உண்டு. பதிவுகளைச் சேர்ப்பதற்கும், அழிப்பதற்கும், தாக்குதலிலிருந்து காப்பதற்கும் பல ஆண்டுகள் உழைத்து எழுதப்பட்ட நிரல் அது. அவரே அதைப் பராமரித்தவர். இன்னொரு ஒட்டுப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். உழைத்தோம் என்பதற்காக ஒன்றை வைத்திருப்பதும், பயன்படுகிறது என்பதற்காக வைத்திருப்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை அளந்து பார்த்து முடிவெடுத்ததனால்தான், இன்று பொய் முகவரிகளின் வெள்ளம் வந்தாலும் வழிதேடும் செலவு கூடாத கேர்னல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பாடநூலில் உள்ள விடையை மாற்றி எழுதுங்கள் என்று நான் மாணவியரிடம் கேட்கவில்லை. பதுக்கு நினைவகம் வேகத்தைக் கூட்டும் என்றே எழுதுங்கள். ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கேட்டதே மீண்டும் கேட்கப்படும் வரை.